கிட் காரில் வேறு இன்ஜின்: எதையெல்லாம் அளக்க வேண்டும்?

பிரிட்டனில் வீட்டுக் கார் கொட்டகையிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டுகிறவர்கள் பல தலைமுறைகளாக இருக்கிறார்கள். சேசிஸ், மேல்தகடுகள், சஸ்பென்ஷன் கைகள் ஆகியவை ஒரு நிறுவனத்திடமிருந்து பெட்டிகளில் வந்து இறங்கும். இன்ஜின், கியர்பாக்ஸ், பின் அச்சு, ஸ்டீயரிங் போன்றவற்றைப் பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிக்கொள்வார்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு காராக்குவது வாங்கியவரின் பொறுப்பு. இதுதான் கிட் கார்.

இந்த வகைக் கார்களில் மிகவும் புகழ்பெற்றது லோட்டஸ் செவன். லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் 1957இல் அறிமுகப்படுத்திய அந்தக் காரில் கதவுகூடக் கிடையாது. மெல்லிய இரும்புக் குழாய்களாலான கூடு, அதன்மேல் அலுமினியத் தகடு, இரண்டு இருக்கை, அவ்வளவுதான். முழுமையாகக் கட்டிய காருக்கு அப்போது பிரிட்டனில் கொள்முதல் வரி உண்டு; பாகங்களாக வாங்கினால் அந்த வரி இல்லை. எனவே பலர் பாகங்களாக வாங்கித் தாங்களே பூட்டினார்கள். 1973இல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது. அதே ஆண்டில் காரைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குச் சென்றது. வரிச் சலுகை போனபிறகும் கட்டுகிறவர்களின் ஆசை போகவில்லை. செவன் இன்றும் தயாராகிறது. அதே வடிவத்தில் வெஸ்ட்ஃபீல்டு உள்ளிட்ட வேறு நிறுவனங்களின் கார்களும், முழுக்க முழுக்க வீட்டிலேயே குழாய் வெட்டி வெல்டிங் செய்த கார்களும் உண்டு.

முதல் செவனில் இருந்தது ஃபோர்டின் 1172 சிசி இன்ஜின். சுமார் 40 குதிரைத்திறன். பிற்காலக் கேட்டர்ஹாம்களில் 660 சிசி சுஸுகி மூன்று சிலிண்டர் டர்போ இன்ஜினும் வந்திருக்கிறது, சூப்பர்சார்ஜர் பூட்டிய 310 குதிரைத்திறன் ஃபோர்டு இன்ஜினும் வந்திருக்கிறது. ஏறத்தாழ ஒரே வடிவக் கூட்டுக்குள் இவ்வளவு வேறுபட்ட இன்ஜின்கள் உட்கார முடியும் என்பதால்தான், கிட் கார் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் ஒருநாள் ‘இதில் வேறு இன்ஜின் போட்டால் என்ன?’ என்று கேட்கத் தொடங்குகிறார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது பெரும்பாலோர் குதிரைத்திறன் பட்டியலைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியில் பார்க்கச் சொல்வேன். ஓடுகிற நிலையில் உள்ள நல்ல இன்ஜின் ஒன்றை வாங்குவது இந்த வேலையிலேயே எளிதான பகுதி. கியர்பாக்ஸ், சேசிஸ், ரேடியேட்டர், எக்ஸாஸ்ட், பெட்ரோல் குழாய், வயரிங் என்று அந்த இன்ஜின் காரின் மற்ற பாகங்களைத் தொடும் ஒவ்வோர் இடமும் தனித்தனிக் கேள்வி. வேலை முழுவதும் அந்த இடங்களில்தான் இருக்கிறது.

ஓர் உண்மையான உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பழைய செவன் வகைக் கார்களில் நெடுங்காலம் இருந்தது ஃபோர்டு கென்ட் குடும்பத்து இன்ஜின். அதிலும் 1967 முதல் வந்த ‘கிராஸ்ஃப்ளோ’ வகை. கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், சிலிண்டருக்கு இரண்டு வால்வு. எளிமையான, அருமையான இன்ஜின். ஆனால் வயதாகிவிட்டது, நல்ல பாகங்கள் விலை ஏறிவிட்டன. அதை எடுத்துவிட்டு 1990களின் ஃபோர்டு மாண்டியோவில் வந்த 2.0 லிட்டர் ‘செட்டெக்’ இன்ஜினைப் போடுவது பிரிட்டனில் பலரும் செய்த மாற்றம். பதினாறு வால்வு, இரண்டு கேம் ஷாஃப்ட், எரிபொருள் இன்ஜெக்ஷன், எந்த மாற்றமும் செய்யாமலேயே ஏறக்குறைய 130 குதிரைத்திறன்.

600 கிலோ எடையுள்ள காரில் 130 குதிரைத்திறன் என்றால் ஒரு டன்னுக்கு 217 குதிரைத்திறன் வருகிறது. 900 கிலோ எடையும் 80 குதிரைத்திறனும் உள்ள சாதாரணச் சிறிய காரில் இது 90க்குக் கீழேதான் இருக்கும். இலகுவான காரில் சாதுவான குடும்பக் கார் இன்ஜினே போதும் என்பதற்கு இந்தக் கணக்கு போதுமானது. ஆகவே திறனைப் பற்றி இனிக் கவலைப்பட வேண்டாம்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடம்

மாண்டியோ முன்சக்கர ஓட்டக் கார். அதில் இன்ஜின் பானெட்டுக்குள் குறுக்காக உட்கார்ந்திருக்கும். கியர்பாக்ஸும், சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலும் அதன் பக்கவாட்டில் ஒரே கூடாக இருக்கும். செவனிலோ இன்ஜின் நெடுக்காக உட்கார வேண்டும். அதன் பின்னால் கியர்பாக்ஸ், அதற்கும் பின்னால் சுழற்சியைப் பின்னே கொண்டுசெல்லும் நீண்ட தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட், கடைசியில் பின் அச்சு. எனவே மாண்டியோவின் கியர்பாக்ஸ் நமக்குப் பயன்படாது. பின்சக்கர ஓட்டக் காரின் கியர்பாக்ஸ் ஒன்று வேண்டும். ஃபோர்டு சியராவில் வந்த ‘டைப் 9’ என்ற ஐந்து கியர் பெட்டியைத்தான் பலரும் எடுக்கிறார்கள்.

இன்ஜினின் பின்முகத்தையும் கியர்பாக்ஸின் முன்முகத்தையும் சேர்ப்பது பெல் ஹவுசிங் எனப்படும் மணி வடிவ அலுமினியக் கூடு. ஒவ்வோர் இன்ஜின் குடும்பத்துக்கும் அதன் பின்முகத்தில் போல்ட் துளைகள் வெவ்வேறு இடத்தில் இருக்கும். இங்கேதான் செட்டெக் புகழ் பெற்றது: அது பழைய கென்ட் இன்ஜினின் துளை அமைப்பையே தொடர்கிறது. அதோடு டைப் 9 கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங் தனியாகக் கழற்றி மாட்டக்கூடியது. கென்ட் துளை அமைப்புக்குப் பொருந்தும் பெல் ஹவுசிங் ஒன்றைத் தேடிப்பிடித்தால் இரண்டும் சேர்ந்துவிடும். சியராவில் இருந்த ‘பின்டோ’ இன்ஜினின் பெல் ஹவுசிங் சேராது. அதன் துளைகள் வேறு. ஆக, இன்ஜினைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, ‘எனக்கு வேண்டிய கியர்பாக்ஸோடு இதைச் சேர்க்கும் பெல் ஹவுசிங் கிடைக்கிறதா?’ என்பதுதான். கிடைக்காவிட்டால் இடையில் ஒரு தடித்த அலுமினியத் தட்டை வைத்து, ஒரு பக்கம் ஒரு துளை அமைப்பும் மறுபக்கம் இன்னொன்றும் கடைந்துகொள்ள வேண்டும். நல்ல லேத், மில்லிங் பட்டறை தெரிந்தவர்களுக்கே அது சாத்தியம்.

துளைகள் பொருந்திவிட்டால் மட்டும் போதாது. கியர்பாக்ஸின் உள்நுழையும் ஷாஃப்ட், இன்ஜினின் முதன்மைச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டோடு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். வயல் பம்பு செட்டில் மோட்டாரும் பம்பும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் கப்ளிங் ரப்பரும் பேரிங்கும் எப்படிச் சீக்கிரம் போய்விடுமோ, இங்கும் அப்படியேதான். பெல் ஹவுசிங்கும் இன்ஜின் பிளாக்கும் சேரும் முகத்தில் இரண்டு சிறு எஃகு வளையங்கள் அல்லது முளைகள் இருக்கும். நேர்கோட்டைக் காப்பது போல்ட்டுகளின் வேலை என்று நினைப்பவர்கள் அவற்றை விட்டுவிடுகிறார்கள். போல்ட் இறுக்கிப் பிடிக்கத்தான். இடத்தை நிர்ணயிப்பவை அந்த முளைகள்.

அந்த ஷாஃப்டின் மூக்கு நுனி கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஒரு சிறு பேரிங்குக்குள் உட்கார்ந்து சுழல வேண்டும். அதை ஸ்பிகட் பேரிங் என்பார்கள். குறுக்காக உட்கார்ந்திருந்த மாண்டியோ இன்ஜினுக்கு அது தேவைப்படவில்லை. எனவே அதில் இருக்காது. நெடுக்காகப் போடும்போது இதற்கென்றே விற்கும் பேரிங்கை வாங்கிப் பொருத்த வேண்டும். கையளவுகூட இல்லாத பொருள். மறந்துவிட்டால் ஷாஃப்டின் நுனிக்குப் பிடிமானம் இல்லாமல் போய், கியர்பாக்ஸை மீண்டும் இறக்க நேரிடும்.

கிளட்ச் தட்டைத் தேர்ந்தெடுப்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. தட்டின் வெளிவிட்டம், கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் உள்ள கனமான சக்கரமான பிளைவீலுக்குப் பொருந்த வேண்டும். நடுத்துளையின் பற்கள் கியர்பாக்ஸ் ஷாஃப்டுக்குப் பொருந்த வேண்டும். இரண்டும் வெவ்வேறு காரிலிருந்து வருவதால் தட்டு மூன்றாவது காரிலிருந்து வந்தாலும் வியப்பில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் எந்தப் பக்கம் உட்காரும், அதன் பற்கள் பிளைவீல் வளையத்தை முழுமையாகப் பற்றுகின்றனவா என்பதையும் இதே கட்டத்தில், மேசைமேல் வைத்தே பார்த்துவிட வேண்டும்.

இந்தச் சிக்கல் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு நேர்வழி இருக்கிறது. பின்சக்கர ஓட்டக் காரிலிருந்து இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பிரிக்காமல் ஒன்றாக எடுப்பது. 1989இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 இதற்குச் சிறந்தது; இன்ஜின் நெடுக்காக, கியர்பாக்ஸ் அதன் பின்னால், எல்லாம் ஒன்றுக்கொன்று பொருத்தி வந்தவை. முதல் முறையாகக் கட்டுகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

வேறொரு தீர்வும் உண்டு: முன்சக்கர ஓட்ட இன்ஜினையும் கியர்பாக்ஸையும் அப்படியே தூக்கி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைப்பது. நம் ஊரிலேயே இதற்கு முன்னோடி இருக்கிறார். கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800இன் மூன்று சிலிண்டர் இன்ஜினைக் கொண்டு ‘ஃபார்முலா மாருதி’ என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். எளிதில் கிடைக்கும் இன்ஜின், மலிவான பாகங்கள் என்ற அவருடைய கணக்கு கிட் கார்க்காரர்களின் கணக்கேதான். செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்பது மிகவும் பொருத்தம்.

கூட்டுக்குள் உட்கார்தல்

செவன் தரையோடு ஒட்டி ஓடும் கார். அதில் எல்லாவற்றுக்கும் கீழே தொங்குவது இன்ஜினின் ஆயில் சம்ப், அதாவது ஆயில் தேங்கும் அடித்தொட்டி. மாண்டியோவின் சம்ப் ஆழமானது. அதை அப்படியே போட்டால் முதல் வேகத்தடையிலேயே உரசும். அதன் ஆழமான பகுதி முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதும் முக்கியம், ஏனென்றால் ஸ்டீயரிங் ரேக்கும் சேசிஸின் குறுக்குக் குழாயும் அந்த இடத்தைக் கடக்கின்றன. அதனால் ஆழம் குறைந்த, பக்கவாட்டில் அகன்ற சம்ப் ஒன்றைச் செய்து போடுகிறார்கள். அதற்குள் தடுப்புத் தகடுகள் இருக்க வேண்டும். இலகுவான காரில் வளைவை வேகமாக எடுக்கும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, உறிஞ்சும் குழாயின் வாய் காற்றை இழுக்கும். ஓரிரு நொடி ஆயில் அழுத்தம் இல்லாமல் போனாலே கிராங்க் பேரிங்குகள் கெட்டுவிடும். குடும்பக் காரில் ஒருபோதும் வராத இந்தச் சிக்கல் ஸ்போர்ட்ஸ் காரில் வரும் என்பதைப் பலர் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

மேலே பானெட். செட்டெக்கின் இன்ஜெக்ஷன் காற்றுக்குழாய்த் தொகுதி பெரிதும் உயரமுமானது. செவனின் தட்டையான பானெட்டுக்குள் அடங்காது. பலர் அதைக் கழற்றிவிட்டு மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்த, காற்றை அளவோடு உள்ளே விடும் நான்கு த்ராட்டில் வாய்களைக் குட்டையான குழாய்களோடு பொருத்துகிறார்கள். பக்கவாட்டில் ஸ்டீயரிங் தண்டு. எக்ஸாஸ்ட் குழாய்கள் அதன் அருகே வருமா, பிரேக் குழாயையும் கிளட்ச் கேபிளையும் சுடுமா என்று பார்க்க வேண்டும். புதிய இன்ஜினில் எக்ஸாஸ்ட் இருக்கும் பக்கம் பழைய இன்ஜினுக்கு எதிர்ப்பக்கமாக இருந்தால் சைலன்சர் முழுவதும் இடம் மாற வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் கண்டுபிடிக்கும் வழி பழமையானது, மிக நல்லது. உள்ளே ஒன்றுமில்லாத காலி பிளாக் ஒன்றையும் காலிக் கியர்பாக்ஸ் கூட்டையும் பழைய இரும்புக் கடையில் வாங்கி, பூட்டி, சேசிஸுக்குள் இறக்கி வைப்பார்கள். கனம் குறைவு என்பதால் ஒருவரே நகர்த்தலாம். அட்டை வெட்டி, இன்ஜினைத் தாங்கும் மவுண்டுகளின் வடிவம் பார்த்து, அதன் பிறகே தகடு வெட்டுவார்கள். மவுண்டுக்கு ரப்பர் கட்டாயம். நான்கு சிலிண்டர் இன்ஜினின் அதிர்வை நேராகக் குழாய்க் கூட்டில் விட்டால் வெல்டிங்கில் கீறல் விழும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜின் ரப்பரில் ஒரு பக்கமாகச் சாயும் என்பதால் சுற்றிலும் ஓரளவு இடைவெளியும் விட வேண்டும்.

இன்ஜினின் சாய்வை முடிவு செய்யும்போது புரொப்பல்லர் ஷாஃப்டை மறக்கக் கூடாது. அதன் இரு முனைகளிலும் சிலுவை மூட்டு இருக்கும். அந்த மூட்டு கோணத்தில் சுழலும்போது வேகம் சீராக வராது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடிக் குறையும். கியர்பாக்ஸின் வெளித்தண்டும் டிஃபரன்ஷியலின் உள்தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால், முன் மூட்டு உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தைப் பின் மூட்டு சரிக்கட்டிவிடும். இல்லாவிட்டால் குறிப்பிட்ட வேகத்தில் இருக்கைக்கு அடியில் ஒரு நடுக்கம் கிளம்பும். சக்கரத்தைப் பேலன்ஸ் செய்து, டயரை மாற்றி, எதுவும் பலிக்காமல் தவிப்பவர்கள் பலர். காரணம் இந்தக் கோணமாக இருக்கலாம்.

தண்ணீர், பெட்ரோல், மின்சாரம்

செட்டெக்கில் தெர்மோஸ்டாட் கூடும் தண்ணீர் வெளியேறும் வாயும் சிலிண்டர் ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க முனையில் இருக்கின்றன. மாண்டியோவில் அது காரின் ஓரம். நெடுக்காகத் திருப்பினால் அது நேராக ஓட்டுநர் அறையின் முன்சுவரில் போய் முட்டும். எனவே தட்டையான மாற்றுக் கூடு ஒன்றைப் பொருத்தி, இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு குழாயை முன்னால் உள்ள ரேடியேட்டர்வரை கொண்டுவர வேண்டும். காரின் மூக்கு தாழ்வானது என்பதால் ரேடியேட்டரின் தலை இன்ஜின் தலையைவிடக் கீழே இருக்கும். காற்று தங்கும் இடம் இன்ஜினுக்குள்ளேயே அமைந்துவிடும். தண்ணீர்ச் சுற்றில் எல்லாவற்றையும்விட உயரத்தில் ஒரு சிறு தொட்டியை வைத்து, அதற்குக் காற்று ஏற வழி விட்டால்தான் ஹெட் தப்பிக்கும்.

பெட்ரோலைப் பொறுத்தவரை, கார்புரேட்டருக்கு மிகக் குறைந்த அழுத்தம் போதும். இன்ஜெக்ஷனுக்குச் சுமார் 3 பார் வேண்டும். பழைய பம்பும் பழைய ரப்பர்க் குழாயும் அதற்கு ஆகா. அழுத்தத்தைத் தாங்கும் குழாய், அதற்கான கிளிப்புகள், மீந்த பெட்ரோல் தொட்டிக்குத் திரும்பும் இன்னொரு குழாய் ஆகியவற்றைப் புதிதாகவே போட வேண்டும். இந்த இடத்தில் காசு மிச்சம் பிடிப்பது தீயை அழைப்பதற்குச் சமம்.

மின்சாரம்தான் பலரையும் மிரட்டுகிறது. கிராஸ்ஃப்ளோவுக்கு ஒரு காயிலும் நான்கைந்து வயரும் போதும். செட்டெக்கைக் கட்டுப்படுத்துவது ஈசியூ என்ற சிறு கணினி. அது முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கிராங்க் ஷாஃப்ட் இந்த நொடியில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது. அதற்காக 36 பற்கள் இருக்க வேண்டிய வட்டத்தில் ஒரு பல்லை மட்டும் விட்டுவிட்டிருக்கிறார்கள். பக்கத்தில் உள்ள சென்சார் ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு துடிப்பை அனுப்பும். துடிப்பு விடுபடும் இடம்தான் கணக்கின் தொடக்கப் புள்ளி. ஒரு பல் என்பது 10 பாகை. இதோடு காற்றின் அளவு, தண்ணீரின் சூடு, எக்ஸாஸ்டில் மீந்த ஆக்சிஜன் ஆகியவற்றையும் சேர்த்து, எப்போது தீப்பொறி, எவ்வளவு பெட்ரோல் என்று அது முடிவு செய்கிறது.

இங்கே இரண்டு வழிகள். டோனர் காரின், அதாவது இன்ஜினைக் கழற்றிய பழைய காரின் ஈசியூவையே பயன்படுத்துவது ஒன்று. அப்படிச் செய்தால் அந்தக் காரின் வயரிங், சென்சார்கள், சாவி, சாவித் துளையைச் சுற்றியுள்ள ரீடர் வளையம் எல்லாம் ஒரே காரிலிருந்து வர வேண்டும். திருட்டைத் தடுக்கச் சாவிக்குள் வைத்த சிப்பை ஈசியூ அடையாளம் காணாவிட்டால் இன்ஜின் உயிர் பெறாது. இன்ஜினை மட்டும் தனியாக வாங்காமல் விபத்தில் அடிபட்ட முழுக் காரையே வாங்குங்கள் என்று அனுபவசாலிகள் வலியுறுத்துவதற்கு இது முக்கியக் காரணம். இன்ஜின் ஓடுவதைக் கேட்டு, சூடேறும்வரை ஓடவிட்டு, கம்ப்ரஷன் பார்த்த பிறகு கழற்றலாம் என்பது கூடுதல் நன்மை.

மற்றொரு வழி, மெகாஸ்குவிர்ட் போன்ற, நாமே நிரல் எழுதி அமைத்துக்கொள்ளக்கூடிய தனி ஈசியூ. த்ராட்டில் வாய்களை மாற்றியவர்களுக்கு வேறு வழியே இல்லை. பழைய ஈசியூவின் கணக்கு பழைய காற்றுக்குழாய்க்குப் போட்டது. இதில் சுதந்திரம் அதிகம், கற்க வேண்டியதும் அதிகம். கடைசிச் சரிசெய்தலை ரோலிங் ரோடு எனப்படும் உருளைகள்மீது காரை ஓடவிட்டு, அனுபவமுள்ளவரைக் கொண்டு செய்துகொள்வதே நல்லது. பெட்ரோல் குறைவாகக் கலந்து ஓடும் இன்ஜின் நன்றாக ஓடுவதுபோலவே தோன்றி, உள்ளே பிஸ்டனை உருக்கிக்கொண்டிருக்கும்.

இன்னொரு சிறு விஷயம், மிகவும் அவசியமானது. இன்ஜின் ரப்பர்மீது உட்கார்ந்திருப்பதால் சேசிஸோடு அதற்கு மின் தொடர்பு இல்லை. பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து இன்ஜின் பிளாக்குக்குத் தடித்த எர்த் கேபிள் ஒன்று நேராகப் போக வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் இழுக்கும் பெரும் மின்னோட்டம் கிடைத்த வழியில், அதாவது கிளட்ச் கேபிள் வழியாகவோ ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவோ திரும்பி, அதைச் சிவக்கக் காய்ச்சிவிடும்.

கியர் கணக்கு

டைப் 9 கியர்பாக்ஸ் சியரா போன்ற கனமான காருக்காகச் செய்தது. அதன் முதல் கியர் 3.65, ஐந்தாவது 0.82; அதாவது வெளித்தண்டு ஒரு சுற்றுச் சுழல இன்ஜின் அத்தனை சுற்றுச் சுழல வேண்டும். பின்னால் 3.92 டிஃபரன்ஷியல் இருப்பதாகவும் சக்கரம் ஒரு சுற்றில் 1.8 மீட்டர் ஓடுவதாகவும் வைத்துக்கொள்வோம். இன்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் இருக்கும்போது, 6000ஐ 3.65ஆலும் பிறகு 3.92ஆலும் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 419 சுற்று. 1.8ஆல் பெருக்கி மணிக்கு மாற்றினால் 45 கிலோமீட்டர். அதாவது 45இலேயே முதல் கியர் முடிந்துவிடும். 600 கிலோ காருக்கு இவ்வளவு இழுவை தேவையில்லை; சக்கரம் வழுக்குவதுதான் மிஞ்சும்.

3.38 டிஃபரன்ஷியலைப் போட்டால் முதல் கியர் 52 கிலோமீட்டரைத் தாண்டும். மணிக்கு 110 கிலோமீட்டரில் ஐந்தாவது கியரில் இன்ஜின் 3270 சுற்றுக்குப் பதிலாகச் சுமார் 2820 சுற்றில் அமைதியாக ஓடும். ஒரு காகிதமும் பத்து நிமிடமும் போதும் இந்தக் கணக்குக்கு. டோனர் காரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே இதைப் போட்டுப் பார்ப்பவர்கள் வெகு சிலர்தான் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பெரிய இன்ஜின், பைக் இன்ஜின்

இன்ஜின் மாற்றத்தின் வரலாற்றில் தலைசிறந்த உதாரணம் ஏசி கோப்ரா. ஏசி ஏஸ் என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரில் அமெரிக்கப் பந்தய வீரர் கேரல் ஷெல்பி 1962இல் ஃபோர்டின் 4.2 லிட்டர் வி8 இன்ஜினைப் பொருத்தினார். பின்னர் 4.7 லிட்டர்வரை அந்தச் சேசிஸ் தாங்கியது. 7 லிட்டர் இன்ஜினைப் போட முடிவு செய்தபோது சேசிஸையே புதிதாக வடிவமைக்க வேண்டிவந்தது; முதன்மைக் குழாய்கள் தடித்தன, குறுக்கு லீஃப் ஸ்பிரிங் போய் காயில் ஸ்பிரிங் வந்தது. தொழிற்சாலைக்கே அந்த நிலை என்றால், கொட்டகையில் கட்டுகிறவர் எடையையும் முறுக்குவிசையையும் எவ்வளவு மதிக்க வேண்டும் என்பது விளங்கும்.

சிலிண்டர்களின் எண்ணிக்கையைக் கொண்டு எடையை ஊகிக்கவும் கூடாது. பியூக் நிறுவனம் வடிவமைத்த 3.5 லிட்டர் அலுமினிய வி8 இன்ஜினின் உரிமையை ரோவர் 1960களில் வாங்கியது. 1973இல் அது எம்ஜிபி ஜிடி காருக்குள் போனபோது, அதுவரை அங்கிருந்த 1.8 லிட்டர் நான்கு சிலிண்டர் இரும்பு இன்ஜினைவிட எடை குறைவாக இருந்தது. பிரிட்டனின் எண்ணற்ற கிட் கார்களில் இந்த வி8 இடம்பிடித்ததற்கு இதுவே காரணம். முன்பக்கம் கனத்தால் கார் திரும்ப மறுக்கும், ஸ்பிரிங்குகள் மாற வேண்டும், பிரேக்கின் சமநிலை குலையும். இன்ஜினை வாங்கும் முன் ஆல்டர்நேட்டர், ஸ்டார்ட்டர், கிளட்ச் எல்லாம் பூட்டிய நிலையில் அதன் எடையைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எதிர்முனையில் மோட்டார் சைக்கிள் இன்ஜின். 1999இல் வந்த சுஸுகி ஹயபூசாவின் 1.3 லிட்டர் இன்ஜின் 170 குதிரைத்திறனுக்கு மேல் தரும். கியர்பாக்ஸும் உள்ளேயே அடங்கியிருக்கும். கேட்கவே இனிக்கிறது. ஆனால் அதில் ரிவர்ஸ் கியர் கிடையாது. தனியாக ஒரு பெட்டியோ மின் மோட்டாரோ வைக்க வேண்டும். செயின் மாட்டும் பல் சக்கரத்தின் இடத்தில் புரொப்பல்லர் ஷாஃப்டுக்கான இணைப்பைப் பொருத்த வேண்டும். பைக் வளைவில் சாய்வதால் அதன் ஆயில் சம்புக்குள் நேராகவே நிற்கும். கார் சாயாததால் ஆயில் ஒதுங்கும் சிக்கல் இங்கே இரட்டிப்பாகிறது. 200 கிலோ பைக்குக்குச் செய்த கிளட்ச், அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் எடையுள்ள காரை மேட்டில் நகர்த்தும்போது படும் பாடும் உண்டு. பந்தயத் தடத்துக்கு அற்புதமான தேர்வு. தினமும் சாலையில் ஓட்டவும் முதல் முயற்சிக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது

பிரிட்டனில் புதிதாகக் கட்டிய கிட் கார் சாலைக்கு வர ஐவிஏ என்ற தனி வாகன ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும். பதிவான காரில் பிறகு இன்ஜினை மாற்றினால் புதிய இன்ஜின் எண்ணையும் கொள்ளளவையும் ஓட்டுநர், வாகன உரிம முகமைக்குத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும், இல்லையேல் விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காது. புகைச் சோதனையின் கடுமை இன்ஜினின் வயதைப் பொறுத்தது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமான 1990களுக்குப் பிந்தைய இன்ஜினைப் போட்டால் அதற்குரிய அளவை எட்ட வேண்டியிருக்கும். எனவே இன்ஜின் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதற்கான சான்றைத் தொடக்கத்திலேயே வாங்கி வைப்பது நல்லது.

அடிப்படையிலேயே மாற்றிக் கட்டிய கார் தன் பழைய பதிவைத் தக்கவைக்க அங்கே நெடுங்காலம் ஒரு புள்ளிக் கணக்கு இருந்தது. குறைந்தது 8 புள்ளிகள் வேண்டியிருந்தன. அசல் சேசிஸுக்கு 5, சஸ்பென்ஷன், அச்சுகள், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2, இன்ஜினுக்கு 1. எல்லாவற்றிலும் குறைவான மதிப்பு இன்ஜினுக்குத்தான். மாற்றக்கூடிய உறுப்பு என்று சட்டமே அதை ஏற்றுக்கொண்டிருந்தது.

இந்தியாவில் நிலைமை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மேலே சொன்ன வேலைகளை இங்கே சாலைக் காரில் செய்ய எண்ணுபவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்காமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது.

முதல் ஸ்டார்ட்

எல்லாம் பூட்டி முடிந்ததும் உடனே சாவியைத் திருப்பத் தோன்றும். முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆயில் அழுத்த முள் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்ற வேண்டும். பிறகு பம்பை மட்டும் ஓடவிட்டு ஒவ்வொரு பெட்ரோல் இணைப்பையும் கையால் தடவிக் கசிவு பார்க்க வேண்டும். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்; பக்கத்தில் இன்னொருவரும் இருப்பது நல்லது. அதன் பிறகு பிளக், அதன் பிறகு சாவி. இன்ஜின் பிடித்துக்கொண்டதும் முதலில் பார்க்க வேண்டியது ஆயில் அழுத்தம். தண்ணீர் சூடேறி, ரேடியேட்டரின் மின்விசிறி தானாகச் சுழன்று, தானாக நிற்கும்வரை அங்கேயே நிற்கவிட்டு ஓடவிட வேண்டும். விசிறி சுழலாவிட்டால் சாலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். முதல் ஓட்டம் முடிந்து இன்ஜின் முழுதும் ஆறியபின் தண்ணீர் மட்டத்தைச் சரிபார்த்து நிரப்பி, மவுண்டு, பெல் ஹவுசிங், புரொப்பல்லர் ஷாஃப்ட், எக்ஸாஸ்ட் ஆகியவற்றின் போல்ட்டுகள் அனைத்தையும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் மறுபடி சோதித்து, ஒவ்வொன்றின் தலையிலும் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை பானெட்டைத் திறக்கும்போது எது நகர்ந்திருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.